மேலிருந்து விழுவதைத் தின்னும் செடி

ஜனவரி 6

மருமகள் பெய்சென்னுக்கு,

நான் கோலாஸ். உன் மாமனார், மயாவின் அப்பா. நானே எழுதுகிறேன், யாரும் எழுதித் தரவில்லை. நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். எழுத்து நடுங்குவதைப் பார். வேறு ஆள் எழுதியிருந்தால் நேராக இருந்திருக்கும்.

எழுபத்து மூன்று வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. உன் வீட்டிலிருந்து திரும்பிய வாரமே சேர்ந்துவிட்டேன். முந்நூறு சீன எழுத்து வரை தெரியும். தெரியாத எழுத்துக்கு ஒலிக்குறி போட்டிருக்கிறேன். அதுவும் வராத இடத்தில் படம் வரைந்திருக்கிறேன். கீழே கணவாய் மீன் போல ஒன்று இருக்கும். அது மீன் இல்லை, உன் செடி.

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குப் பாதி கேட்காது. கடிதம் நல்லது. பாதியில் மூடி வைத்தாலும் அது கோபித்துக்கொள்ளாமல் அங்கேயே கிடக்கும்.

நிலாத் திருநாளுக்கு வந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். நீ வேலைக்குப் போயிருந்தாய். ஜன்னல் பக்கம் உன் பெரணி. எங்கள் ஆமிஸ் ஆட்களின் பேச்சில் அதற்கு லோக்கோத் என்று பெயர். நடுவில் இன்னும் விரியாத இலைச் சுருள்கள் ஏழு, ஒவ்வொன்றும் ஒரு சாண், நல்ல இளசு. எனக்கு உன் மேல் இரக்கமாகிவிட்டது. பாவம், இவ்வளவு அருமையான கீரையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய் முட்டைக்கோஸ் வாங்குகிறாளே, இன்னும் ஒரு வாரம் விட்டால் நாராகிவிடுமே என்று நினைத்தேன். அறுத்தேன். பூண்டு, புளித்த கறுப்புப் பயறு, நான் கொண்டு வந்த சின்னக் கருவாடு எல்லாம் போட்டு வதக்கினேன். மேசையில் மூன்று கிண்ணம் வைத்தேன். நீ கதவைத் திறந்ததும், "வா வா, சூடா இருக்கு. எல்லாம் உன் ஜன்னல்லயே விளைஞ்சது" என்று பெருமையாகச் சொன்னேன்.

நீ மேசையைப் பார்த்தாய். பிறகு செடியைப் பார்த்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இது கீரை இல்ல மாமா. கீரை இல்ல. எத்தனை வெட்டினீங்க?"

"ஏழு. போதாதா?"

"காலைல ஏழரைக்கு ரயில் இருக்கு. நீங்க ஊருக்குப் போயிடுங்க."

போய்விட்டேன். அப்போது புரியவில்லை. இப்போது கொஞ்சம் புரிகிறது. செடி எப்படி இருக்கிறது? சுருள் வந்ததா? அதை மட்டும் எழுதினால் போதும்.

கோலாஸ்

வூ டீச்சர் திருத்தித் தருகிறேன் என்றார். குடும்ப விஷயம் என்று சொல்லித் தாளை மூடிக்கொண்டேன்.


ஜனவரி 20

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுருள் வரவில்லை. அன்றிலிருந்து ஒன்றுகூட இல்லை. இலைகளின் ஓரம் காய்ந்து பழுப்பாகிறது. அடிப்பக்கம் கோடு கோடாகப் பழுப்புப் பூச்சி பிடித்திருக்கிறது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அது கீரை இல்லை என்று நான் சொன்னதன் காரணத்தை இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த வருடம் மயாவ் உங்கள் வாசல் சீமைப்பலா மரத்திலிருந்து அதைப் பெயர்த்து, நூடுல்ஸ் கிண்ணத்தில் வைத்து, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். அப்போது உள்ளங்கை அளவுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைப்பார். "ஒரே பக்கமா வெளிச்சம் பட்டா அதுக்குக் கழுத்து சுளுக்கிக்கும்" என்பார். ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு மாதமும் நான் உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி, "எத்தனை இலை?" தினமும் எண்ணிக்கொண்டு போவேன். கடைசியாக நான் சொன்ன எண்ணிக்கை பத்தொன்பது.

அந்தப் பத்தொன்பது இலைகளிலும் சிவப்பு நூல் கட்டினேன். இரண்டு வருடத்தில் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுந்துவிட்டன. மிச்சம் நான்கு. மயாவுக்குத் தெரிந்த இலைகள் இந்த உலகத்தில் இன்னும் நான்குதான் இருக்கின்றன. நடுவில் புதிது வந்துகொண்டிருந்ததால் தாங்கிக்கொண்டேன். இப்போது அதுவும் இல்லை.

செடியைக் காப்பாற்ற ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம்.

பெய்சென்


பிப்ரவரி 3

மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடிக்க இரண்டு சாயங்காலம் ஆனது. வகுப்பில் என் பக்கத்து இருக்கை தோங்கியுடையது. அவளுக்கு எழுபத்தெட்டு வயது. எழுத்தை விட ஊர்வம்பு நன்றாக வரும். "என்ன கோலாஸ், காதல் கடுதாசியா? பாவம், அந்தப் பொம்பளைக்குக் கண்ணு தெரியாதா?" என்றாள். வகுப்பே சிரித்தது. மருமகள் எழுதியது என்றேன். "மருமக எழுதுறாளா? எனக்குப் பெத்த மகளே போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேசுறதில்ல" என்றாள். அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை, என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தாளில் விரலை வைத்தால் நீ பேசுகிறாய். விரலை எடுத்தால் நிறுத்துகிறாய். பத்தொன்பது என்ற இடத்தில் விரலை எடுத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன்.

வேறெதுவும் வேண்டாம் என்றாய். சரி, இனி செடி மட்டும்.

அடியில் இருப்பது பூச்சி இல்லை. இனிமேல் துடைக்காதே. அது அதன் விதை போல. நன்றாக இருக்கும் செடிக்குத்தான் அந்தக் கோடுகள் வரும்.

குளிர் போகும்வரை தண்ணீரை நடுக்குழியில் ஊற்றாதே. ஓரமாக ஊற்று. நடுவில் தேங்கினால் அழுகும். வெயில் நேராகப் படக் கூடாது. அதற்காக இருட்டிலும் வைக்காதே. சூடேற்றும் எந்திரத்தின் காற்று அதற்கு ஆகாது, அதுதான் ஓரத்தைக் காய வைக்கிறது.

இன்னொரு விஷயம் இருக்கிறது. லோக்கோத் மண்ணில் வளர்கிற செடி இல்லை. மரத்தின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்து மேலே பார்த்தபடி இருக்கும். மேலிருந்து விழுவதைத் தின்னும். காய்ந்த இலை, உதிர்ந்த பூ, செத்த வண்டு, பறவை எச்சம், எது விழுந்தாலும் சரி. உன் வீடு ஏழாவது மாடி. செடிக்கு மேலே வெள்ளைக் கூரை. அதன் வாயில் என்ன விழும்? இத்தனை வருடம் ஒன்றுமே விழாமல் அது உயிரோடு இருந்ததே பெரிது.

அதனால் உறைக்குள் சீமைப்பலா இலை வைத்திருக்கிறேன். மயாவ் அதைப் பெயர்த்த அதே மரம். ஒரு கைப்பிடி நொறுக்கி நடுவில் போடு.

ஷின்ச்சூ ரயில் நிலையத்தில் ஒரு தொட்டியில் லோக்கோத் பார்த்தேன். ஆள் உயரம். எத்தனையோ பேர் கடந்து போகிறார்கள், ஒருவரும் அறுக்கவில்லை! பட்டணத்துக்காரர்கள் எல்லோருமே உன்னைப் போலத்தான் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

கோலாஸ்


பிப்ரவரி 12

மாமாவுக்கு,

தபால்காரர் உறையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, யாரோ உங்களுக்குக் குப்பை அனுப்பியிருக்காங்க போல" என்றார். உள்ளே ஓர் எறும்பு உயிரோடு இருந்தது. அவ்வளவு தூரம் தபாலில் வந்த எறும்பை என்ன செய்வது என்று தெரியவில்லை, செடியிலேயே விட்டுவிட்டேன்.

இலையை நொறுக்கிப் போட்டேன். மயாவ் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பையைத் திறந்தால் வரும் வாசனை வந்தது. அன்று முழுக்க ஜன்னலைத் திறக்கவில்லை.

இன்னும் சுருள் இல்லை. நூல் கட்டிய இலை ஒன்று மஞ்சளாகித் தொங்குகிறது. வெட்டிவிடட்டுமா?

ஒன்று கேட்க வேண்டும். ஷின்ச்சூவுக்கு நீங்கள் எப்போது போனீர்கள்? அது மேற்குக் கரை. உங்கள் ஊர் கிழக்கே. என் வீட்டைத் தவிர அப்பா எங்கேயும் போனதில்லை என்று மயாவ் சொல்வார்.

சந்திரப் புத்தாண்டு விருந்துக்கு என் அண்ணன் வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் போகப் போவதில்லை. அங்கே எல்லோரும் என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள்.

பெய்சென்


பிப்ரவரி 24

மருமகளுக்கு,

வெட்டாதே. பழுத்த இலை தொங்கி, பாவாடை போல வேரை மூடிக்கொள்ளும். வேர் காயாமல் இருப்பது அதனால்தான். தானாக விழும்வரை அதற்கு அங்கே வேலை இருக்கிறது.

ஷின்ச்சூவைப் பற்றி எழுத வேண்டாம் என்று இருந்தேன். வாய் தவறிவிட்டது, இல்லை, கை தவறிவிட்டது. நீ அனுப்பிய அன்று காலையில்தான். பான்சியாவ் நிலையத்தில் ஒரு பெண்ணிடம் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் ஹுவாலியன் வண்டி எது என்று கேட்டேன். காதில் எதையோ மாட்டியிருந்தாள். கையைக் காட்டினாள், ஏறி உட்கார்ந்தேன். முன்பெல்லாம் மயாவ்தான் என்னை இருக்கைவரை கொண்டு வந்து விடுவான். டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்து, "கடல் இடது பக்கம் வரும்ப்பா. வந்த பிறகு தூங்காத" என்பான். அதனால் இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். வயல், தொழிற்சாலை, மறுபடி வயல். கடைசியில் கடல் வந்தது. வலது பக்கம்! கடல் இடம் மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிக்காதே.

டிக்கெட் பார்ப்பவர் வந்தார். "தாத்தா, இது தெக்க போற வண்டி. போர்டுல பெருசா எழுதியிருந்துச்சே, படிக்கலயா?"

"கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன் தம்பி."

எழுபது வருடமாக அந்தக் கண்ணாடியை நான் வீட்டில்தான் வைத்துவிட்டு வருகிறேன். நல்ல மனிதர். எதிர் வண்டியில் ஏற்றி ஷின்ச்சூவில் இறங்கி மாறச் சொன்னார். மறுநாள் மதியம்தான் வீடு வந்தேன். அந்த வாரமே வகுப்பில் பெயர் கொடுத்தேன். உன் கோபத்தில் எனக்கு எழுத்து கிடைத்தது. குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே சந்தோஷமாகச் சொல்கிறேன்.

நான் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. மலையில் லோக்கோத் அறுக்கும்போது ஒவ்வொரு செடியிலும் இரண்டு சுருளாவது விட்டுவிட்டு வருவோம். எல்லாவற்றையும் அறுக்கிறவன் எங்கள் ஊரில் கிடையாது. அன்று உன் வீட்டிலும் என் கை ஐந்தில் நின்றது. தட்டில் பார்த்தால் கொஞ்சமாகத் தெரிந்தது. தட்டு நிறைய இருக்க வேண்டும் என்று ஆசை. மிச்ச இரண்டையும் அறுத்துவிட்டேன். கீரை என்று நினைத்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது.

எங்கள் ஆட்களில் கல்யாணமானால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நான் உன் மாமியார் நாகாவின் வீட்டுக்கு வந்தேன். மயாவ் உன் வீட்டுக்கு வந்தான். அப்படிப் பார்த்தால் அங்கே நான் விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரியைக் கேட்காமல் அடுப்பைத் தொடக் கூடாது. நான் தொட்டேன்.

நாகாவ் போய்ப் பதினொரு வருடமாகிறது. வீட்டில் சத்தமே இல்லை. சீமைப்பலா இலை விழுந்தால் எனக்கே கேட்கிறது. இந்தத் தடவை பெரிய உறையாக எடுத்து அனுப்பியிருக்கிறேன். எறும்பு இல்லாமல் உதறிவிட்டேன்.

கோலாஸ்


மார்ச் 11

மாமா,

அன்று நான் ரயில் நிலையத்துக்கு வந்திருக்க வேண்டும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று லிஃப்ட் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

செடி போய்விட்டது என்று நினைக்கிறேன். போன வாரக் குளிரில் மூன்று இலைகள் அடுத்தடுத்துச் சரிந்தன, அதில் இரண்டு நூல் கட்டியவை. முன்பே மஞ்சளானதும் விழுந்துவிட்டது. நூலோடு இருப்பது இப்போது ஒன்றுதான். நடுக்குழி முழுக்கக் கறுத்து, நீங்கள் அனுப்பிய இலைத்தூள் ஈரமாக ஒட்டிக் கிடக்கிறது. கிளறிப் பார்க்கத் தைரியம் இல்லை.

எட்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதைப் பார்த்தேன். இன்னொரு தடவை என்னால் முடியாது. வருகிற செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வரும்போது கொடுத்துவிடப் போகிறேன். உங்களிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை.

பெய்சென்


மார்ச் 15, விரைவுத் தபால்

பெய்சென்,

கொடுக்காதே.

மூன்று தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. தபால் நிலையத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன். படிவத்தையும் நானே நிரப்பினேன். நாளைக் காலையில் கிடைத்துவிடும் என்று சொல்கிறார்கள்.

கறுப்பைப் பார்த்துப் பயப்படாதே. காய்ந்த இலை நனைந்தால் கறுக்கத்தான் செய்யும். உன் விரலை நடுக்குழிக்குள் விடு. அடிவரை விட்டு அழுத்து. கொழகொழவென்று உள்ளே போனால் செத்துவிட்டது, கொடுத்துவிடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பலகை போல இருந்தால் உயிர் இருக்கிறது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே.

இப்படியே வண்டி ஏறி வந்துவிடலாம் போலிருக்கிறது. போர்டைப் படிக்க இப்போது எனக்குத் தெரியும். ஆனால் கூப்பிடாமல் வரக் கூடாது. ஒரு தடவை செய்தது போதும்.

அந்தப் பக்கத்தில் எனக்கு என்று இருப்பது அந்தச் செடியும் நீயும்தான்.

கோலாஸ்


ஏப்ரல் 8

அன்புள்ள மாமா,

பலகை போல இருந்தது.

அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். சொன்னால் மாறிவிடுமோ என்று பயம், மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் தபால் வந்தபோது தொட்டியைக் கதவருகே எடுத்து வைத்திருந்தேன். கீழே குப்பை வண்டியின் பாட்டு கேட்க ஆரம்பித்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கி, நின்றபடி படித்து, விரலை விட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான். அழுத்தினேன், உள்ளே போகவில்லை. பாட்டு தெருமுனை திரும்பி அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை.

நேற்று அதே இடத்தில் ஏதோ ரோமம் போலத் தட்டுப்பட்டது. இலைத்தூளை ஒதுக்கினேன். பழுப்பு ரோமத்தோடு, நாய்க்குட்டிகள் முகம் புதைத்துத் தூங்குவது போல ஐந்து சுருள்கள். இரண்டு தடவை எண்ணினேன். "எத்தனை?" என்று கேட்க ஆள் இல்லாததால் உங்களுக்கு எழுதுகிறேன். ஐந்து.

நூல் கட்டிய கடைசி இலை கல்லறை துடைக்கும் நாளன்று விழுந்தது. மயாவைப் பார்க்கப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் தரையில் கிடந்தது. நூலை அவிழ்த்து மற்றவற்றோடு வைத்துவிட்டேன். இலையை என்ன செய்வது என்று அரை நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நொறுக்கிச் செடியின் நடுவிலேயே போட்டேன். அதுவும் மேலிருந்து விழுந்ததுதானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று நான் கத்தியது செடிக்காக மட்டும் இல்லை. மேசையில் மூன்று கிண்ணம் இருந்தது. கதவைத் திறந்ததும் அதுதான் கண்ணில் பட்டது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் உள்ளே கை கழுவிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் செடியைப் பார்த்தேன். அந்த ஒரு நொடிக்காகத்தான் உங்களை அனுப்பினேன். செடியைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் சுருள் ஒரு சாண் வந்துவிடும். இரண்டை விட்டுவிட்டு மூன்றை அறுக்கலாம். அன்று நீங்கள் சமைத்ததை நான் வாயில் வைக்கவே இல்லை, அப்படியே கொட்டிவிட்டேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மயாவ் அதைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்.

வாருங்கள் மாமா. கூப்பிடுகிறேன். அடுப்பைத் தொடலாம். பான்சியாவ் நிலையத்தில் நிற்பேன்.

பெய்சென்


மே 8, ஹுவாலியன் ரயில் நிலையம்

அன்பு மருமகளுக்கு,

இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். தெரிந்தேதான் எழுதுகிறேன். வண்டிக்கு இன்னும் முக்கால் மணி இருக்கிறது, பெஞ்சுக்குப் பக்கத்திலேயே தபால் பெட்டி இருக்கிறது, என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நீ வேலைக்குப் போயிருக்கும்போது வந்தால் நானே வாங்கி நானே படித்துக்கொள்வேன்.

போர்டை மூன்று தடவை படித்துவிட்டேன். இரண்டாம் நடைமேடை. யாரையும் கேட்கவில்லை. என்னை விட வயதான ஒருவர் வந்து, "தம்பி, தைப்பே வண்டி எங்க நிக்கும்? கண்ணாடிய வீட்ல வச்சுட்டு வந்துட்டேன்" என்றார். அந்தக் கண்ணாடி எந்தக் கண்ணாடி என்று எனக்குத் தெரியும். நானே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். போகும்போது கடல் வலது பக்கம் வரும், இடது பக்கம் வந்தால் எழுந்துவிடுங்கள் என்று சொன்னேன்.

பையில் சின்னக் கருவாடு இருக்கிறது, ஒரு மூட்டை இலை இருக்கிறது. தோங்கி ஒரு கடிதம் கொடுத்திருக்கிறாள், பான்சியாவில் போட வேண்டுமாம். அங்கே போட்டால் மகளுக்குச் சீக்கிரம் கிடைக்கும் என்று நினைக்கிறாள்.

மூன்று கிண்ணத்தைப் பற்றி நீ எழுதியதைப் பல நாள் வைத்துப் படித்தேன். நாகாவ் போன பிறகும் நான் இங்கே தினமும் இரண்டு கிண்ணம் வைக்கிறேன். கைக்கு அப்படியே பழகிவிட்டது. சாப்பிட்ட பிறகு ஒன்றைத்தான் கழுவ வேண்டியிருக்கும். அன்று உன் வீட்டில் மூன்று வைத்தபோதும் நான் யோசித்து வைக்கவில்லை. கதவைத் திறந்து வருகிற உனக்கு அது எப்படி இருக்கும் என்றும் யோசிக்கவில்லை.

இந்தத் தடவை நான் வதக்குவதோடு சரி. கிண்ணங்களை நீ எடுத்து வை. இரண்டோ மூன்றோ, உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி. எனக்கு எந்த இடத்தில் வைக்கிறாயோ அங்கே உட்காருகிறேன்.

வண்டி வருகிறது.

கோலாஸ்